செய்து கொடுக்கும் கையும் செய்ய விடும் கையும்

ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பை வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. நமக்கு முன்வரிசையில் ஒரு தாயும் அவருடைய ஏழு வயது மகனும் அமர்ந்திருந்தனர். சிறுவனின் வலக்கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது; கட்டைவிரல் உள்ளங்கைக்குள் புதைந்து கிடந்தது. பை அருகில் வந்ததும், மகனுக்கென வைத்திருந்த நாணயத்தைத் தாய் தாமே அதில் இட்டார். சிறுவன் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அடுத்த வரிசைக்குச் சென்ற பின்னரும் அவன் பார்வை அதைத் தொடர்ந்து சென்றது.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அந்தத் தாயிடம் பேசினோம். "இவனுக்கு எல்லாவற்றையும் நான்தான் செய்கிறேன். இதுவரை ஒரு குறையும் வைத்ததில்லை" என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை. குளிப்பாட்டுவது, உடுத்துவது, சோறு ஊட்டுவது, பள்ளிப் பையைச் சுமப்பது, பாடப்புத்தகத்தின் தாளைப் புரட்டிக் கொடுப்பது எல்லாம் அவரே. அவருக்கு ஓய்வு தேவைப்படும்போது பாட்டி ஊட்டுவார். நம் இல்லங்களில் அன்பு பெரும்பாலும் இவ்வாறுதான் வெளிப்படுகிறது.

ஆனால் அந்த வாரம் மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் அம்மையார் ஒருவர் சொன்ன சொல் அவர் மனத்தைப் புண்படுத்தியிருந்தது. "நீங்கள் அவனுக்குச் செய்வதில் பாதியை நிறுத்திவிடுங்கள், அம்மா" என்று அவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு இரண்டு நாள் அழுததாகத் தாய் கூறினார். ஏழு ஆண்டுகளாகத் தம் உயிரைத் தேய்த்துச் செய்த பணியைத் தவறு என்று சொல்வதா என்று அவர் கேட்டார். இக்கேள்விக்குரிய விடையை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நோய் எங்கே இருக்கிறது?

அச்சிறுவனுக்கு இருப்பது மூளை முடக்குவாதம். மருத்துவச் சீட்டுகளில் செரிப்ரல் பால்சி என்று எழுதப்படுவது இதுவே. வளர்ந்துவரும் மூளையின் ஒரு பகுதி, குழந்தை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ பழுதுபடுவதால் இது உண்டாகிறது. குறைமாதப் பிறப்பு, மூளைக்கு உயிர்வளி குறைதல், கடுமையான மஞ்சள் காமாலை, தாய்க்கோ சேய்க்கோ ஏற்படும் தொற்று ஆகியவை இதன் காரணங்களுள் சில. பல குழந்தைகளிடத்தில் காரணம் இன்னதென்று தெரிவதே இல்லை. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ இருவர் அல்லது மூவருக்கு இக்குறை காணப்படுகிறது. இது தொற்றுநோய் அன்று. யாருடைய பாவத்தின் விளைவும் அன்று. எவருடைய கண்பட்டும் வருவதன்று. இதை முதலில் தெளிவாக உணர வேண்டியவர்கள் குழந்தையின் உறவினர்கள்தாம்.

இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1862இல் இதனை விரிவாக எடுத்தெழுதியதால், நெடுங்காலம் இது லிட்டிலின் நோய் என்றே வழங்கிற்று. அவரே சிறுவயதில் நோயுற்றுக் கால் வளைந்து துன்புற்றவர்.

இக்குழந்தைகளின் தசைகள் பிறக்கும்போது நோயுற்றவை அல்ல. அவற்றை ஏவும் மூளையின் கட்டளைதான் தடுமாறிச் செல்கிறது. அதனால் சில தசைகள் ஓயாது இறுகுகின்றன, சில தளர்கின்றன. மூளையில் ஏற்பட்ட பழுது பின்னர் பெருகுவதில்லை. ஆயினும் குழந்தை வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்தில் இறுகிய தசை நீளாமையால் மூட்டுகள் மடங்கியே நின்றுவிடுவதும், இடுப்பு மூட்டு மெல்ல இடம் விட்டு விலகுவதும் உண்டு. எனவேதான் 'இருந்தபடியே இருக்கட்டும்' என்று விட்டுவிட முடிவதில்லை.

இரு வகைச் சிகிச்சை

இத்தகைய குழந்தைகளுக்குத் துணைபுரிவோர் பலருள் இருவரைப் பற்றி இங்கே கூறுவோம். பிஸியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையாளர், குழந்தை தலைநிமிர்த்த, புரள, உட்கார, நிற்க, நடக்கப் பழக்குகிறார். தசையின் வலிமையையும் மூட்டின் அசைவையும் பேணுகிறார். ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சையாளர், குழந்தை உண்ண, உடுத்த, பல் துலக்க, விளையாட, எழுதப் பழக்குகிறார். அதற்கேற்ற கருவிகளையும் அமைத்துத் தருகிறார்.

இரண்டாவது பெயரைக் கேட்டுச் சிலர், குழந்தைக்குத் தொழில் கற்பிப்பார்கள் போலும் என்று நினைத்துவிடுகின்றனர். மனிதன் நாள்தோறும் செய்யும் செயல்கள் எல்லாம் அச்சொல்லில் அடங்கும். விளையாடுவதும் உண்பதும் பள்ளி செல்வதுமே குழந்தையின் தொழில். அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்னும் கட்டடக் கலைஞர் இப்பெயரை 1914இல் வழங்கினார். அவர் நோயாலும் வாதத்தாலும் நலிந்து, வேலை செய்தே தம்மைத் தேற்றிக்கொண்டவர். இந்தியாவில் கமலா நிம்ப்கர் அம்மையாரின் முயற்சியால் 1950இல் பம்பாயில் இத்துறைக்கு முதற் பயிற்சிப் பள்ளி தோன்றியது.

தமிழகத்தில் இவ்வகைப் பணியைப் பேசும்போது வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸை மறத்தல் இயலாது. 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றன. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய உழைப்பால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தமக்காகப் பிறர் எல்லாவற்றையும் செய்துவிட அவர் இசைந்திருந்தால், அந்நிலையம் தோன்றியிராது.

கை மறந்துபோவது எவ்வாறு?

மருத்துவமனையில் சிகிச்சையாளர் குழந்தையைப் படுக்க வைத்துக் கைகால்களை நீட்டி மடக்குவார், குழந்தை சும்மா கிடக்கும், அதுவே சிகிச்சை என்று பலர் எண்ணுகின்றனர். சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில், சிகிச்சையாளரின் கைத்திறனே முதன்மையாகக் கருதப்பட்டது. இன்றைய ஆய்வுகள் வேறொன்றைத் தெளிவாக்கியுள்ளன. குழந்தை தானே விரும்பி, தானே முயன்று, பலமுறை செய்து பழகும் செயலே மூளையில் புதிய வழியை வகுக்கிறது. பிறர் அசைத்துவிடும் கை, எத்தனை முறை அசைக்கப்பட்டாலும், செயல் கற்பதில்லை.

அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டாப் என்பவரின் ஆராய்ச்சி இங்கு நினைக்கத்தக்கது. ஒரு கை பழுதுபட்டால், அதனால் முயலும்போதெல்லாம் தோல்வி கிடைக்கிறது. நல்ல கையால் செய்தால் உடனே வெற்றி கிடைக்கிறது. எனவே உயிர் பழுதான கையைப் பயன்படுத்தாமலிருக்கக் கற்றுக்கொள்கிறது. அக்கையில் எஞ்சியிருக்கும் ஆற்றலும் இவ்வாறு வீணாகிறது. இக்கண்டுபிடிப்பிலிருந்தே ஒரு சிகிச்சை பிறந்தது. குழந்தையின் நல்ல கைக்கு உறை மாட்டி, குறிப்பிட்ட நேரம் பழுதான கையாலேயே விளையாட விடுகின்றனர். வல்லுநரின் மேற்பார்வையில்தான் இதைச் செய்ய வேண்டும். இரு கைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் விளையாட்டுகளைத் தேர்ந்து பழக்கும் முறையும் இதே அளவு பயன் தருகிறது.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அவர் மகனுக்கு நல்ல கை ஒன்று உண்டு. அதற்கு மேலும் இரண்டு நல்ல கைகள் எப்பொழுதும் அருகில் இருந்தன. அவை தாயின் கைகள். பாட்டியின் கைகளையும் சேர்த்தால் நான்கு. இத்தனை கைகள் உதவிக்கு நிற்கும்போது, முயன்று தோற்கும் வலக்கைக்கு என்ன வேலை? அது தன் தொழிலை மறந்தது. அன்பில் குறையில்லை, அன்பு குழந்தையின் முயற்சிக்கு முன்பே ஓடி வந்துவிட்டது. பயிற்சியாளர் சொன்னதன் பொருள் இதுவே.

இல்லமே பயிற்சிக்கூடம்

வாரத்திற்கு ஓர் அரைமணி நேரம் மருத்துவமனையில் நடப்பது சிகிச்சையின் சிறுபகுதி. எஞ்சிய நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, செயல்வழிச் சிகிச்சையாளர் பெற்றோரோடு கலந்து வகுத்த பயிற்சிகளை, வீட்டில் பெற்றோரே எட்டு வாரம் செய்வித்தபோது குழந்தைகளின் செயல்திறன் உயர்ந்ததைக் காட்டியது. ஒவ்வொரு முறையும் அவர்கள் செலவிட்ட நேரம் ஏறத்தாழக் கால் மணிதான்.

வீட்டில் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம். ஒவ்வொரு குழந்தையின் நிலையும் வேறாகையால், சிகிச்சையாளரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.

உட்காரும் முறை முதலாவது. இடுப்பு நாற்காலியின் பின்புறத்தைத் தொட, பாதங்கள் இரண்டும் தரையிலோ பலகையிலோ நன்கு பதிய உட்கார்ந்தால்தான் கைகள் வேலை செய்யும். கால் தொங்கினால் உடல் தள்ளாடும். தள்ளாடும் உடலைத் தாங்குவதிலேயே கையின் ஆற்றல் செலவாகிவிடும். விலையுயர்ந்த நாற்காலி வேண்டுமென்பதில்லை. மெக்சிகோ நாட்டு மலைக் கிராமமொன்றில் மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து உழைத்த டேவிட் வெர்னர் 1987இல் வெளியிட்ட நூல், மரப்பலகை, அட்டைப்பெட்டி, மூங்கில் முதலியவற்றைக்கொண்டே இத்தகைய கருவிகளைச் செய்துகொள்ளும் வகையைப் படங்களோடு விளக்குகிறது. ஊர்த் தச்சர் ஒருவர் மனம் வைத்தால் ஒரு நாளில் முடியும் வேலை இது.

உடுத்தும்போது பழுதான கையை முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். கரண்டியின் காம்பில் துணியைச் சுற்றியோ, மிதிவண்டிக் கைப்பிடியின் ரப்பர் உறையை மாட்டியோ பருமனாக்கினால் பிடிப்பது எளிதாகும். தட்டின் அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நழுவாது. உணவு ஊட்ட வேண்டிய நிலையில் உள்ள குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி ஊட்டுதல் ஆகாது. உணவு மூச்சுக்குழலுக்குள் புகுந்துவிடும். நிமிர உட்கார வைத்து, தலை சற்றே முன்னோக்கி இருக்குமாறு ஊட்ட வேண்டும். எண்ணெய் தேய்த்துவிடுவது குழந்தைக்கு இதமளிக்கலாம்; ஆனால் அது பயிற்சிக்கு ஈடாகாது. இறுகிய மூட்டை வலிக்க வலிக்க இழுப்பது கேடு.

செயலைக் கற்பிக்க ஓர் எளிய வழி உண்டு. எல்லாவற்றையும் நாம் செய்து, கடைசிப் படியை மட்டும் குழந்தைக்கு விட வேண்டும். சட்டையை மாட்டிவிட்டு, கீழே இழுத்துவிடுவதை அவன் செய்யட்டும். அது கைவந்ததும் அதற்கு முந்திய படியையும் அவனுக்கு விடலாம். இவ்வாறு செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். முடித்தவனுக்கு மறுநாளும் முயல ஆசை பிறக்கும்.

நாணயமும் பல்லாங்குழியும்

பயிற்சியாளர் அச்சிறுவனிடம், "உனக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்டாராம். ஓடவேண்டும், எழுதவேண்டும் என்பான் என்று தாய் எதிர்பார்த்தார். "கோயிலில் நானே பையில் காசு போடணும்" என்றான் அவன். இதுவரை எவரும் அவனை அப்படிக் கேட்டதில்லை என்பதைத் தாய் அப்பொழுதுதான் உணர்ந்தார்.

இடக்கையால் போடலாமே என்று தோன்றலாம். தன் தங்கையைப் போல வலக்கையால் போடவே அவன் விரும்பினான். இறுகிய கைக்குப் பற்றுவதைவிடக் கடினமானது விடுவது. நாணயத்தைப் பிடித்த விரல்கள், வேண்டிய இடத்தில் பிரிய மறுக்கும். எனவே பயிற்சி அங்கிருந்து தொடங்கியது. பால்மாவு டப்பா ஒன்றின் மூடியில் பிளவு ஒன்றை வெட்டினார்கள். முதலில் கேரம் காய்கள். அவை பழகியதும் பெரிய நாணயம். பின்னர் சிறிய நாணயம். முதலில் தாய் மணிக்கட்டைத் தாங்கினார். பின்னர் முழங்கையை மட்டும். அதன் பின் தாங்கவே இல்லை.

பாட்டிக்கு இதில் உடன்பாடில்லை. "பிள்ளையை இப்படி வாட்ட வேண்டுமா?" என்று குறைபட்டார். பயிற்சியாளரோ அவருக்கும் ஒரு பணி தந்தார். பரணிலிருந்த பல்லாங்குழி கீழே இறங்கியது. குழியிலிருந்து புளியங்கொட்டைகளை அள்ளுவதும், ஒவ்வொன்றாக அடுத்தடுத்த குழியில் விடுவதும் அந்தக் கைக்கு வேண்டிய பயிற்சியே. ஒரு கை பலகையைப் பிடிக்க, மறு கை ஆட வேண்டும். மாலைதோறும் பாட்டியும் பேரனும் ஆடினர். தொடக்கத்தில் பாட்டி வேண்டுமென்றே தோற்றார்; சில வாரங்களில் அதற்குத் தேவை இருக்கவில்லை.

காலந்தாழ்த்தலாகாது

இச்சிறுவனுக்கு ஏழு வயதில் தொடங்கியதை ஏழாம் மாதத்திலேயே தொடங்கியிருக்கலாம். மூளை மிக விரைவாக வளரும் பருவம் முதல் இரண்டு ஆண்டுகளே. தகுந்த பரிசோதனைகளால் ஆறு மாதத்திற்கு முன்னரே இக்குறையை ஐயுற்றுப் பயிற்சியைத் தொடங்க இன்று இயலும். ஆனால் நம் குடும்பங்களில், "இவன் அப்பனும் தாமதமாகத்தான் நடந்தான்" என்ற ஆறுதல் மொழி பல மாதங்களை விழுங்கிவிடுகிறது.

நான்கு மாதத்திற்குப் பின்னும் கைகள் எப்போதும் முஷ்டியாக மூடியே இருத்தல், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதல், ஒன்பது மாதமாகியும் பிடிமானமின்றி உட்காராமை, தூக்கும்போது கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொள்ளுதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையையும், பிறந்தவுடன் அழாத குழந்தையையும் இன்னும் கருத்தாகக் கவனிக்க வேண்டும். 2013இல் தொடங்கிய நடுவண் அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. மாவட்ட அளவில் ஆரம்ப இடையீட்டு மையங்களும் அமைக்கப்பட்டுள்ளன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மூளை முடக்குவாதத்தையும் அதில் வகுத்த 21 குறைபாடுகளுள் ஒன்றாகக் கொள்கிறது. சட்டம் குறித்த அளவு குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

எதிர்பார்ப்பிலும் நேர்மை வேண்டும். 1997 முதல் மருத்துவர்கள் இக்குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கின்றனர். முதல் நிலையிலுள்ளோர் தாமே நடந்து ஓடுவர். ஐந்தாம் நிலையிலுள்ளோருக்கு உட்காரவும் பிறர் துணை வேண்டும். எல்லாக் குழந்தைகளும் நடப்பார்கள் என்று வாக்களிப்பவரை நம்பாதீர்கள். முற்றிலும் குணமாக்குவதாகச் சொல்லிப் பெரும்பணம் கேட்போரிடம் நகையை அடகு வைத்துச் சென்று ஏமாந்தோர் பலர். சக்கர நாற்காலியில் தானே சென்று நண்பர்களோடு கலக்கும் குழந்தை தோற்றுவிட்டதாகக் கருதுவது தவறு. கண்ணசைவால் வேண்டும், வேண்டாம் என்று சொல்லக் கற்ற குழந்தையும் தன் வாழ்வின் ஒரு பகுதியைத் தன் வசமாக்கிக்கொண்டதே ஆகும்.

நாம் செய்ய வேண்டியது

இச்சுமை முழுவதும் தாயின் தோளிலேயே விழுகிறது. தந்தை வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சிக்கு உடன் செல்ல வேண்டும். உடன்பிறந்தோர் விளையாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அயலார் "ஐயோ பாவம்" என்று அக்குழந்தையின் காதுபடச் சொல்வதை நிறுத்தினாலே பேருதவி. அடுத்த உதவி பொறுமை. அவன் செருப்பை மாட்ட ஐந்து நிமிடம் எடுத்தால், அந்த ஐந்து நிமிடம் நிற்பதற்கு நாம் பழக வேண்டும்.

சில மாதங்களுக்குப் பின் மீண்டும் அதே ஆலயத்தில் அவர்களைக் கண்டோம். பை வந்தது. சிறுவன் எழுந்து நின்று வலக்கையை நீட்டினான். நாணயம் நழுவித் தரையில் விழுந்தது. அருகிலிருந்த ஒருவர் எடுத்துக்கொடுக்கக் குனிந்தார். தாய் மெல்லக் கைகாட்டி அவரைத் தடுத்தார். சிறுவன் குனிந்து இடக்கையால் அதை எடுத்து, வலக்கை விரல்களுக்குள் வைத்து, மறுபடி நீட்டினான். பை ஏந்திய இளைஞர் நகரவில்லை. பின்வரிசையினரும் காத்திருந்தனர். விரல்கள் பிரிந்தன, நாணயம் பைக்குள் விழுந்தது.

அவனது வலக்கை இன்னும் மடங்கித்தான் இருக்கிறது. அக்கையால் அவன் என்றும் எழுதப்போவதில்லை என்று பயிற்சியாளர் கூறியுள்ளார். ஆனால் அவன் காணிக்கையை இனி வேறொருவர் செலுத்த வேண்டியதில்லை. தாயின் கைகள் மடியில் இருந்தன. அவற்றை அங்கேயே வைத்திருப்பது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அருகிலிருந்த நாம் கண்டோம்.